படம் உங்களுடையது... பூட்டு யாருடையது?



வீட்டுப்பாடம் எல்லாம் முடித்துவிட்டீர்களா? முடித்திருந்தால் வாருங்கள், கொஞ்ச நேரம் பேசுவோம்.

கார்ட்டூன் பார்க்க உங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். சிலருக்கு, 'நாமே ஒரு கார்ட்டூன் செய்தால் என்ன?' என்றுகூட ஆசை வந்திருக்கும். நல்ல ஆசை! கணினி முன் உட்கார்ந்து, 'அனிமேஷன் செய்ய இலவச மென்பொருள்' என்று தேடியும் பார்த்திருப்பீர்கள். வரிசையாகப் பெயர்கள் வந்து நிற்கும். அதில் எதை எடுப்பது? பளபளப்பாக இருப்பதையா? நண்பன் சொன்னதையா? முதலில் வந்து நிற்பதையா?

இதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். ஆனால், இந்தக் கருத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை. ஓர் ஆடு!

சுவரொட்டி தின்ற ஆடு

என் பேத்தி ஏழாம் வகுப்பு படித்தபோது, கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் தெருவில் ஓர் ஆடு உண்டு. சுவரில் யார் எந்தச் சுவரொட்டி ஒட்டினாலும், மைதாப் பசை காய்வதற்குள் வந்துவிடும். நாக்கால் ஒரு நக்கு, பல்லால் ஓர் இழுப்பு. சினிமா கதாநாயகனின் மீசை முதலில் போகும். அப்புறம் மூக்கு. கடைசியில் படத்தின் பெயர்!

இதைத் திண்ணையிலிருந்து பார்த்துப் பார்த்துச் சிரித்த பேத்தி, "தாத்தா, இதை நான் கார்ட்டூனா செய்யப் போறேன்" என்றாள். தெரிந்த பையன் ஒருவன் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவிக் கொடுத்தான். "இலவசம்தான் தாத்தா" என்றான். நானும் தலையாட்டினேன்.

தினமும் சாப்பிடக்கூட எழாமல் வரைந்தாள். ஒரு வினாடிக்கு 12 படங்கள். 25 வினாடி ஓடும் படத்துக்கு மொத்தம் 300 படங்கள்! ஆடு தலையைத் தூக்குவதற்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று.

மாதம் முடிந்தது. ஒரு நாள் காலை மென்பொருளைத் திறந்தால், 'உங்கள் 30 நாள் இலவசக் காலம் முடிந்துவிட்டது. பணம் செலுத்துங்கள்' என்று ஓர் அறிவிப்பு. அவர்கள் கேட்ட தொகை, என் ஓய்வூதியத்தில் கை வைக்கக் கூடியதாக இல்லை. சரி, வேறு மென்பொருளில் திறக்கலாம் என்று பார்த்தோம். அந்தக் கோப்பு வேறு எதிலும் திறக்காத வகை.

பேத்தி அழவில்லை. என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, படத்தை நான்தானே வரைஞ்சேன்? அப்புறம் ஏன் எனக்கே காட்ட மாட்டேங்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். அன்று வாயடைத்துப் போனேன். ஒரு நாள் வேடிக்கையாக என் செல்போனில் கணினித் திரையைப் படம் பிடித்திருந்தேன். அந்த ஒன்பது வினாடி மட்டும்தான் மிஞ்சியது. அதிலும் பாதியை என் கட்டைவிரல் மறைத்திருந்தது!

தவறு அவளுடையது இல்லை. தொடங்கும் முன் கேட்க வேண்டியதைக் கேட்காமல் தலையாட்டிய பெரியவன் நான்தான். நீங்களும் அப்படி ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு கிணறுகள்

இலவசம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது.

ஒருவர் தன் வீட்டுக் கிணற்றில் ஊராரைத் தண்ணீர் எடுக்க விடுகிறார். காசு வாங்குவதில்லை. நல்ல மனிதர்தான். ஆனால், நாளைக்கு அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டால்? நீங்கள் குடத்தோடு வெளியே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று ஊர்ப் பொதுக் கிணறு. அதிலும் காசு இல்லை. யாரும் எடுக்கலாம். கப்பி உடைந்தால் தெரிந்தவர்கள் சரி செய்யலாம். தூர் வாரலாம். யாரும் அதற்குப் பூட்டுப் போட முடியாது.

மென்பொருளிலும் இந்த இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு விலை இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது வகைக்குத் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகான பெயர் இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்தலாம். எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று திறந்து படிக்கலாம். நகல் எடுத்து நண்பனுக்குக் கொடுக்கலாம். மாற்றிச் சீராக்கி, மற்றவர்களுக்கும் தரலாம். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் இந்தக் கொள்கையை முன்வைத்து 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். இன்று உலகம் முழுவதும் இந்த வகை மென்பொருள்கள் பரவியிருக்கின்றன.

மூடியதும் திறந்ததும்

'மென்பொருளை யாராவது மூடுவார்களா?' என்று கேட்கிறீர்களா? மூடியிருக்கிறார்கள்.

உங்கள் அண்ணன், அக்காவிடம் 'ஃபிளாஷ்' என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது, இணையத்தில் விளையாடிய விளையாட்டுகளும் பார்த்த குட்டிக் கார்ட்டூன்களும் பெரும்பாலும் அதில் செய்தவைதான். அவற்றை ஓட்டிக் காட்டிய ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புக் குறைகள் அதில் நிறைய இருந்தன; காரணம் நியாயமானதுதான். ஆனாலும், எத்தனையோ பேர் ஆசை ஆசையாகச் செய்த படங்கள் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. பிறகு தன்னார்வலர்கள் சேர்ந்து 'ரஃபிள்' என்ற கட்டற்ற மென்பொருளை எழுதி, அவற்றில் பலவற்றை மறுபடி ஓட வைத்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று. நெதர்லாந்து நாட்டில் டான் ரூசெண்டால் என்பவர் உருவாக்கியது 'பிளெண்டர்' என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள். 2002-ல் அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்டது. பிளெண்டரும் அதோடு புதைந்து போயிருக்க வேண்டும். ஆனால், 'ஒரு லட்சம் யூரோ சேர்ந்தால் அதை மீட்டு எல்லோருக்கும் பொதுவாக்கிவிடலாம்' என்று அவர் மக்களிடம் கேட்டார். உலகெங்கும் இருந்து, பயன்படுத்தியவர்களே பணம் அனுப்பினார்கள். ஏழே வாரத்தில் தொகை சேர்ந்துவிட்டது! 2002 அக்டோபர் 13-ஆம் தேதி பிளெண்டர் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது.

அந்தப் பொதுக் கிணற்றிலிருந்து என்ன கிடைத்தது தெரியுமா? லாட்வியா என்ற சின்னஞ்சிறு நாட்டின் 'ஃப்ளோ' என்ற படம். வெள்ளத்தில் சிக்கிய ஒரு கறுப்புப் பூனையின் கதை. ஒரு வசனம்கூடக் கிடையாது. பிளெண்டரில் செய்த அந்தப் படம் 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை வாங்கிவிட்டது!

'காசு கொடுக்காத பொருளில் தரம் இருக்காது' என்று யாராவது சொன்னால், இந்தப் பூனையைக் காட்டுங்கள்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எந்த மென்பொருளையும் நிறுவும் முன், இந்த நான்கையும் அப்பா, அம்மா அல்லது ஆசிரியரோடு உட்கார்ந்து கேளுங்கள்.

ஒன்று: நான் செய்த படத்தை வெளியே எடுக்க முடியுமா? அதாவது, எந்தக் கணினியிலும் செல்போனிலும் ஓடும் சாதாரண வீடியோவாகவோ, தனித்தனிப் படங்களாகவோ சேமிக்க முடியுமா? இதுதான் முதல் கேள்வி. இதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், மற்ற மூன்றையும் கேட்கவே வேண்டாம்.

இரண்டு: எத்தனை நாளைக்கு இலவசம்? 'சோதனைப் பதிப்பு' என்று எங்காவது சிறிய எழுத்தில் போட்டிருக்கிறதா? படத்தின் மேல் தன் பெயரை முத்திரையாகக் குத்திவிடுமா?

மூன்று: என்னிடம் என்ன கேட்கிறது? பிறந்த தேதி, செல்போன் எண், புகைப்படம் எல்லாம் கேட்டால் நிறுத்திவிடுங்கள். படம் வரைய எதற்கு உங்கள் செல்போன் எண்?

நான்கு: எங்கள் வீட்டுக் கணினி இதைத் தாங்குமா? விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். பழைய கணினியில் பெரிய மென்பொருளைப் போட்டால், ஒவ்வொரு கோட்டுக்கும் காத்திருந்து காத்திருந்து ஆசையே போய்விடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மென்பொருளை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். வேறு இடங்களில் வைரஸும் சேர்ந்து வரலாம். 'பூட்டை உடைத்த' திருட்டுப் பிரதியும் வேண்டவே வேண்டாம். முறையாகவே கிடைக்கும் பொருளைத் திருட்டுத்தனமாக எடுப்பானேன்?

அப்படியானால் எதை எடுப்பது?

பேத்திக்காக நானும் இரண்டு மூன்றைக் கற்றுக்கொண்டேன். இந்த வயதில் மவுஸைப் பிடித்துக் கோடு போட்டால் அது கோழி கிறுக்கியது போல வரும்; பரவாயில்லை! இங்கே நான் சொல்லும் எல்லாமே கட்டற்றவை.

கையால் வரையப் பிடிக்கிறதா? 'பென்சில் 2டி' எடுங்கள். பெயரைப் போலவே எளிமையானது. பழைய கணினியையும் அதிகம் வருத்தாது. இதில் 'ஆனியன் ஸ்கின்' என்று ஒரு வசதி உண்டு. வெங்காயத் தோல் என்று பொருள்! முந்தைய படம் மெல்லிய தோல் வழியாகத் தெரிவது போல மங்கலாகத் தெரியும். அதன் மேல் அடுத்த படத்தைச் சற்றே நகர்த்தி வரையலாம். முடித்ததும் வீடியோவாகவோ தனித்தனிப் படங்களாகவோ வெளியே எடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. இது சேமிக்கும் கோப்பு, உண்மையில் 'ஜிப்' செய்த ஒரு பொட்டலம். நாளைக்கு இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும், பொட்டலத்தைப் பிரித்தால் தூரிகையால் தீட்டிய படங்கள் உள்ளே அப்படியே இருக்கும். பேத்தியின் கேள்விக்கு அன்று நான் சொல்லத் தெரியாத பதில் இதுதான்!

வரைவதைவிடக் கதையும் விளையாட்டும் பிடிக்கிறதா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவாகி 2007-ல் வெளிவந்த 'ஸ்க்ராட்ச்' இருக்கிறது. பூனை நடக்க வேண்டுமா? 'பத்து அடி நகர்' என்ற கட்டளைக் கட்டையை எடுத்து, மற்றக் கட்டைகளோடு அடுக்க வேண்டும். கட்டை அடுக்கி விளையாடுவது போலவே கணினி நிரல் எழுதவும் பழகிவிடுவீர்கள். இணைய இணைப்பு இல்லாமலும், பெயர் பதியாமலும் செய்ய, கணினியில் நிறுவும் பதிப்பும் உண்டு. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இது படத்தை நேரடியாக வீடியோ கோப்பாகத் தராது. திரையைப் பதிவு செய்துதான் எடுக்க வேண்டும். ஆனால், உங்கள் கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். எத்தனை நாள் ஆனாலும் பணம் கேட்காது. அதனால்தான் இதற்கு நான் விதிவிலக்கு தருகிறேன்.

ஒவ்வொரு படமாக வரையப் பொறுமை இல்லையா? 'சின்ஃபிக்' பாருங்கள். பந்து இங்கே தொடங்கும், அங்கே முடியும் என்று இரண்டு இடத்தைச் சொன்னால், நடுவில் உள்ளதைக் கணினியே நிரப்பும். கேட்க எளிது, பழகக் கொஞ்ச நாள் ஆகும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் சரியாக இருக்கும்.

இன்னும் பெரிதாகச் செய்ய ஆசையா? 'ஓப்பன்டூன்ஸ்' என்று ஒன்று. ஜப்பானின் புகழ்பெற்ற கிப்ளி ஸ்டூடியோ தன் படங்களுக்குப் பயன்படுத்திய 'டூன்ஸ்' மென்பொருள், 2016-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டபோது வைத்த பெயர் அது. அப்புறம், நாம் பார்த்த பிளெண்டர். இரண்டும் கடல் போன்றவை. சைக்கிள் ஓட்டப் பழகாமல் யாராவது லாரி ஓட்டுவார்களா? முதலில் சிறியதைப் பழகுங்கள். இவை எங்கும் ஓடிப் போகாது.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருள்தான். 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் குழுக்களில், உங்களைப் போன்ற பிள்ளைகள் இத்தகைய மென்பொருள்களில் அனிமேஷன் செய்யக் கற்கிறார்கள். அவர்களால் முடிகிறது என்றால் உங்களாலும் முடியும்.

ஒன்றை மறக்காதீர்கள். அகல உழுவதை விட ஆழ உழுவது மேல். வாரம் ஒரு மென்பொருள் மாற்றிக்கொண்டே இருந்தால், பத்து மென்பொருளின் பெயர்தான் தெரியும். ஒரு படம்கூடக் கையில் இருக்காது.

சில கேள்விகள் எனக்கும் காதில் விழுகின்றன!

"தாத்தா, பெரிய சினிமாக்காரர்கள் விலை கொடுத்துத்தானே வாங்குகிறார்கள்?" ஆமாம். அது அவர்கள் தொழில். விலை உள்ள மென்பொருள் கெட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். உழைத்தவர்களுக்குக் கூலி வேண்டாமா? 'இலவசம்' என்று சொல்லி உங்கள் உழைப்பை உள்ளே வாங்கிக்கொண்டு, பிறகு கதவைச் சாத்துவதைத்தான் தவறு என்கிறேன்.

"கட்டற்ற மென்பொருளில் குறையே இல்லையா?" ஏன் இல்லை? பாதி வேலையில் திடீரென்று நின்று போகும். சில பட்டன்கள் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியிருக்கும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமியுங்கள். பென் டிரைவில் ஒரு நகல் வையுங்கள்.

"ஒரு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவே வீடியோ செய்து தருகிறதே! நான் ஏன் வரைய வேண்டும்?" நல்ல கேள்வி. நீங்கள் கேட்டால் அதுவும் ஓர் ஆடு தரும். ஆனால், மீசையை முதலில் தின்ற எங்கள் தெரு ஆட்டின் குறும்பு, அதைத் தினமும் பார்த்த பேத்திக்குத்தான் தெரியும். ஆடு கழுத்தை எப்படி நீட்டும் என்று இரண்டு நாள் உற்றுப் பார்த்தாளே, அந்தப் பார்வையை எந்த இயந்திரமும் அவளுக்குச் செய்து தர முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை...

கணினியைத் திறக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய நோட்டில் எழுதாத 20 தாள்களைக் கத்தரித்து ஒரே அளவில் அடுக்கித் தையுங்கள். ஓரத்தில் ஒரு பந்து வரையுங்கள். ஒவ்வொரு தாளிலும் அது கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். பந்து உச்சியில் இருக்கும்போது படங்கள் நெருக்கமாக இருக்கட்டும். தரையை நெருங்க நெருங்க இடைவெளி கூடட்டும். தரையைத் தொடும் தாளில் மட்டும் பந்தைக் கொஞ்சம் நசுக்கி வரையுங்கள். பிறகு பழையபடி மேலே ஏற்றுங்கள். கட்டைவிரலால் தாள்களைச் சரசரவென்று விட்டுப் பாருங்கள். பந்து குதிக்கும்! இடைவெளியை ஒரே சீராக வைத்தால் பந்து குதிக்காது. லிப்டில் இறங்குவது போல இருக்கும். இரண்டையும் செய்து பார்த்தால் வித்தியாசம் புரியும்.

பந்து குதித்துவிட்டதா? இப்போது கணினிக்குப் போகலாம். ஆனால், 300 படத்தில் தொடங்காதீர்கள். பத்துப் படம் வரையுங்கள். சேமியுங்கள். உடனே வீடியோவாக வெளியே எடுத்து, அப்பா, அம்மா செல்போனில் ஓட்டிப் பாருங்கள். ஓடுகிறதா? ஓடினால் அந்த மென்பொருளை நம்பலாம். ஓடாவிட்டால், போனது பத்துப் படம்தான்! இந்தச் சின்னச் சோதனையை அன்று நான் செய்திருந்தால், பேத்தியின் ஒரு மாத உழைப்பு தப்பியிருக்கும்.

பேத்தி என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? அடுத்த விடுமுறைக்கு வந்தபோது பென்சில் 2டியில் மறுபடி தொடங்கினாள். முழுக்கதையும் இல்லை, மீசையைத் தின்னும் இடம் மட்டும். எட்டே வினாடி, 96 படங்கள். அந்த வீடியோ இப்போது என் செல்போனில் இருக்கிறது. அவள் அம்மாவின் செல்போனில் இருக்கிறது. ஒரு பென் டிரைவில் போட்டு என் பீரோவிலும் வைத்திருக்கிறேன்.

அந்த நிஜ ஆடு இப்போது எங்கள் தெருவில் இல்லை. ஆனால், நினைத்தபோதெல்லாம் நான் பார்க்கிறேன். கழுத்தை நீட்டி, மீசையை ஒரு நக்கு நக்கி, என்னைத் திரும்பிப் பார்க்கும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுப் பக்கத்திலும் ஒரு ஆடோ, நாயோ, காகமோ இருக்கும். உற்றுப் பாருங்கள், வரையுங்கள். அதற்கு முன், பூட்டு யார் கையில் இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். சரிதானே, செல்வங்களே?